ஆலை மூடப்போகிறது: வி.ஆர்.எஸ்., சட்டப்படியான இழப்பீடு, புது முதலாளி – எதை எடுப்பது?

மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருபது முப்பது வருடம் ஓடிய ஓர் ஆலை உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தால், தொழிலாளி முன் பொதுவாக மூன்று வழிகள் இருக்கும். நிர்வாகம் அறிவிக்கும் வி.ஆர்.எஸ்.ஸில், அதாவது தன்விருப்ப ஓய்வுத் திட்டத்தில், கையெழுத்துப் போடலாம். கையெழுத்துப் போடாமல் நின்று, மூடலோ ஆள்குறைப்போ சட்டப்படி நடக்கட்டும் என்று சங்கத்தோடு சேர்ந்து பேசலாம். ஆலையை வேறு கம்பெனி வாங்கினால் அங்கே வேலைக்குப் போகலாம்.

கேன்டீனில் பேச்செல்லாம் "எத்தனை லட்சம்?" என்பதைப் பற்றியே ஓடும். தொகை முக்கியம்தான். ஆனால் வேலையைவிட்டுப் போவதற்குத் தாளில் என்ன பெயர் எழுதப்படுகிறது, விடுவிப்புத் தேதி மார்ச்சில் விழுகிறதா ஏப்ரலில் விழுகிறதா, கையெழுத்துப் போடும் நாளில் லைன் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்ற மூன்றும் லட்சங்களை மாற்றுகின்றன. ஒரே ஆலையில், ஒரே சர்வீஸில் வெளியே வரும் இரண்டு பேர் வேறு வேறு பணத்தோடு வீட்டுக்குப் போவது பெரும்பாலும் இவற்றால்தான்.

முதலில் தொகையைப் பிரித்துப் பாருங்கள்

நிர்வாகம் தரும் கணக்குத் தாளில் மொத்தமாக ஒரு பெரிய எண் இருக்கும். அதற்குள் பி.எஃப்., கிராஜுவிட்டி (பணிக்கொடை), மிச்ச லீவுக்கான பணம், பாக்கி போனஸ் எல்லாம் கலந்திருக்கலாம். இவை நீங்கள் எந்த வழியில் போனாலும் கிடைக்கிற உங்கள் சொந்தப் பணம். அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, வேலையை விடுவதற்காக மட்டும் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். ஒப்பிட வேண்டியது அந்த ஒரு எண்ணை மட்டுமே.

ஓர் எடுத்துக்காட்டு: 44 வயது, 18 வருட சர்வீஸ், மாதக் கிராஸ் (எல்லாப் படிகளும் சேர்ந்த மொத்தச் சம்பளம்) ₹52,000, அதில் பேஸிக்கும் டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்ந்து ₹26,000.

கிராஜுவிட்டி: ₹26,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ₹15,000. 18 வருடத்துக்கு ₹2,70,000. ஆறு மாதத்துக்கு மேல் உள்ள மிச்சம் முழு வருடமாகக் கணக்கில் வரும். இது தனி, எந்த வழியிலும் உண்டு.

சட்டப்படியான மூடல் இழப்பீடு: முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். இதற்கு 26-ஆல் வகுக்கும் முறை கிடையாது. மாதச் சம்பளக்காரருக்கு அரை மாதச் சம்பளம் என்றே எடுக்க வேண்டும். பழைய தொழில் தகராறுச் சட்டத்தில் வீட்டு வாடகைப்படி போன்ற படிகளும் இதில் சேர்ந்தன; புதிய தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்தில் வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவை மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகாதவரை சேராது. நம் எடுத்துக்காட்டில் மற்ற படிகள் எல்லாம் இவ்வகை என்றால் ₹13,000 × 18 = ₹2,34,000.

வி.ஆர்.எஸ்.: வருடத்துக்கு 60 நாள் கிராஸ் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் கவனம் வேண்டும். மாதத்தை 30 நாளாக வகுத்தால் ஒரு வருடத்துக்கு ₹1,04,000, 18 வருடத்துக்கு ₹18,72,000. 26-ஆல் வகுத்தால் வருடத்துக்கு ₹1,20,000, மொத்தம் ₹21,60,000. நாளின் எண்ணிக்கை மாறவே இல்லை, வகுக்கும் எண்ணால் மட்டும் ₹2,88,000 வித்தியாசம். திட்டத்தில் 'ஒரு நாள் சம்பளம்' என்பதற்கு விளக்கம் எழுதப்படவில்லை என்றால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிராஸ் என்பதில் ஷிஃப்ட் அலவன்ஸ், உற்பத்தி ஊக்கத்தொகை சேருமா, எந்த மாதச் சம்பளம் அடிப்படை என்பதும் அதே கடிதத்தில் வர வேண்டும். ஆலை ஓடாத மாதங்களில் ஊக்கத்தொகை விழுந்துவிடும். கடைசி மூன்று மாதச் சராசரி என்று எழுதியிருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இன்னொரு மறைந்த வரம்பு: ஓய்வு வயதுக்கு மிச்சமுள்ள மாதச் சம்பளத்துக்கு மேல் தொகை போகக்கூடாது என்ற வரி. 56 வயது, 30 வருட சர்வீஸ் உள்ளவருக்கு 60 நாள் கணக்கில் 60 மாதச் சம்பளம் வர வேண்டும். ஓய்வு வயது 58 என்றால் இந்த வரி அதை 24 மாதமாக வெட்டிவிடும். மூத்தவர்கள் சூத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் இந்த வரியைத் தேடுங்கள்.

தாளில் என்ன பெயர்?

வி.ஆர்.எஸ்.ஸில் போகிறவர் தானாக விலகியவர். ஆள்குறைப்பு என்பதற்குச் சட்டம் தரும் விளக்கமே தன்விருப்ப ஓய்வை வெளியே நிறுத்துகிறது. அதனால் ஆள்குறைப்புக்கு ஆளானவருக்கு உரிய சில உரிமைகள் வி.ஆர்.எஸ். வாங்கியவருக்கு வராது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்தின்படி, ஆள்குறைப்புக்கு ஆளாகும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் 15 நாள் சம்பளத்தை முதலாளி மறுதிறன் நிதியில் செலுத்த வேண்டும்; அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்கில் வர வேண்டும். ஓராண்டுக்குள் அதே நிறுவனம் மறுபடி ஆள் எடுத்தால், ஆள்குறைப்பில் போனவருக்கு முன்னுரிமை தர வேண்டும். வி.ஆர்.எஸ். வாங்கியவர் இரண்டையும் கேட்க முடியாது.

ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு, அதாவது மாதச் சம்பளம் ₹21,000-க்குள் உள்ளவர்களுக்கு, இது இன்னும் பெரிய விஷயம். ஆள்குறைப்பிலோ ஆலை மூடலிலோ வேலை இழந்தால் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனாவில் 24 மாதம் வரை வேலையின்மை உதவித்தொகை உண்டு: முதல் 12 மாதம் சராசரிக் கூலியில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம். அந்தக் காலத்தில் குடும்பத்துக்கு மருத்துவமும் தொடரும். தானாக விலகியவருக்கு இந்தத் திட்டம் இல்லை. ₹20,000 சம்பளக்காரருக்கு இது கிட்டத்தட்ட ₹1,80,000. பெரிய ஆலைக்குப் பாகங்கள் செய்து தரும் சின்ன வெண்டர் ஆலையில் ஒன்றரை லட்சத்துக்கு வி.ஆர்.எஸ். என்று கையெழுத்து வாங்கினால், அந்தத் தொழிலாளிக்கு லாபமே இல்லை. சட்டப்படியான இழப்பீட்டையும் உதவித்தொகையையும் ஒன்றாக விட்டுக்கொடுக்கிறார்.

வி.ஆர்.எஸ். என்றுகூட இல்லாமல் வெறும் ராஜினாமாக் கடிதம் கேட்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். "சொந்தக் காரணங்களுக்காக" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் திட்டமும் போய்விடும், வரிவிலக்கும் போய்விடும். தேதி போடாத கடிதத்தில் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்து வேண்டாம்.

வரியும் தேதியும்

வி.ஆர்.எஸ். தொகையில் ₹5 லட்சம் வரை வரி கிடையாது, அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. இந்த விலக்கு கிடைக்கத் திட்டம் சில நிபந்தனைகளுக்குள் இருக்க வேண்டும்: பத்து வருட சர்வீஸ் அல்லது 40 வயது முடித்தவர்களுக்கானதாக இருக்க வேண்டும், காலியாகும் இடத்தை நிரப்பக் கூடாது, விலகியவர் அதே நிர்வாகத்தின் வேறு கம்பெனியில் சேரக் கூடாது. 36 வயதில் எட்டு வருட சர்வீஸோடு வெளியேறுகிறவருக்குத் திட்டத்தில் இடம் கொடுத்தாலும் விலக்கு சிக்கலாகும். விலக்கை எடுத்துக்கொண்டால், அதே தொகைக்கு முன்வருடங்களில் பரப்பிக் கணக்கிடும் வரி நிவாரணத்தைக் கேட்க முடியாது.

சட்டப்படியான இழப்பீட்டுக்கும் ₹5 லட்சம் வரை விலக்கு உண்டு. ஆனால் 15 நாள் கணக்கில் வரும் தொகை அதைவிடக் குறைவு என்றால் அந்த அளவுக்குத்தான். நம் எடுத்துக்காட்டில் ₹2,34,000 முழுக்க வரியில்லாமல் கைக்கு வரும்.

இப்போது தேதி. ₹18,72,000 வி.ஆர்.எஸ்.ஸில் ₹5 லட்சம் போக ₹13,72,000-க்கு வரி. மார்ச் 31-இல் வெளியேறிப் பணமும் அந்த மாதமே வந்தால், ஆண்டுச் சம்பளம் ₹6,24,000-மும் இதனோடு சேரும். புதிய வரிமுறையின் 2025-26 படிநிலைப்படி, நிலையான கழிவு ₹75,000 போக வரி சுமார் ₹1,91,600. ஏப்ரல் இறுதியில் வெளியேறிப் பணம் அப்போது வந்தால், ஒரு மாதச் சம்பளம் மட்டும் சேர்ந்து வரி சுமார் ₹85,600. வித்தியாசம் ஒரு லட்சத்துக்கு மேல். (வேறு வருமானம் அந்த ஆண்டு இல்லை என்று வைத்துக்கொண்ட கணக்கு இது, உடனே வேறு வேலை கிடைத்தால் இடைவெளி சுருங்கும்.) நிதியாண்டு முடிவதற்குள் கணக்கை முடிக்க நிர்வாகம் அவசரப்படும். விடுவிப்பைச் சில வாரம் தள்ளிவைக்கச் சங்கம் கேட்பது நியாயமான கோரிக்கைதான், நிர்வாகத்துக்கு அதில் பெரிய செலவும் இல்லை. இதைப் பேச்சுவார்த்தை மேசையில் யாரும் எழுப்பாமல் விடுவது வருத்தமான விஷயம்.

நின்று பேசுவது: எப்போது பலம், எப்போது வீம்பு

பழைய தொழில் தகராறுச் சட்டத்தில் 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த ஆலையை மூட அரசின் முன்அனுமதி வேண்டியிருந்தது. புதிய தொகுப்பில் அந்த எண்ணிக்கை 300. அந்த அளவுள்ள ஆலை, மூடும் தேதிக்கு 90 நாளுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் நகல் தர வேண்டும். 60 நாளுக்குள் அரசு பதில் சொல்லவில்லை என்றால் அனுமதி கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். அந்த 60 நாள்தான் சங்கத்துக்கு இருக்கும் நேரம். முதல் இரண்டு வாரத்திலேயே எழுத்துப்பூர்வமான ஆட்சேபம் போக வேண்டும்: ஆர்டர் இருக்கிறதா, உற்பத்தி வேறு ஆலைக்கு மாற்றப்படுகிறதா, டைகளும் (அச்சுகளும்) இயந்திரங்களும் எப்போது எங்கே போயின, கடந்த ஆண்டுகளின் இருப்புநிலைக் கணக்கு என்ன சொல்கிறது என்று ஆதாரங்களோடு. "எங்கள் வாழ்வாதாரம்" என்று மட்டும் எழுதிய மனு கோப்பில் போய்விடும்.

எண்ணிக்கையை எப்போதும் கவனியுங்கள். 340 பேர் உள்ள ஆலையில் இரண்டு சுற்று வி.ஆர்.எஸ். முடிந்து, 12 மாதச் சராசரி 300-க்குக் கீழே போனால், அனுமதியே தேவையில்லை. 60 நாள் நோட்டீஸ் போதும். முதல் சுற்றில் போகிறவர்கள் தங்களுக்கு மட்டும் முடிவெடுப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் மிச்சமிருப்பவர்களின் பேர பலமும் அவர்களோடு போகிறது. அதனால்தான் திட்டம் அறிவித்த முதல் வாரத்தில் தனித்தனியாகக் கையெழுத்துப் போடாமல் சங்கம் ஒரு முடிவெடுக்கும்வரை பொறுப்பது எல்லோருக்கும் நல்லது.

2021 செப்டம்பர் 9-இல் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சுமார் 4,000 ஊழியர்கள் பாதிக்கப்பட்டார்கள். மறைமலை நகர் ஆலையில் ஏற்றுமதி ஆர்டர்கள் மிச்சம் இருந்தன. அவற்றை முடிக்க ஆள் வேண்டியிருந்தது. தொழிலாளர்கள் 2022 மே இறுதியில் வேலையை நிறுத்தி நல்ல தொகை கேட்டார்கள். நிர்வாகம் வருடத்துக்கு 115 நாள் கிராஸ் சம்பளம் என்று சொன்னது, அந்த செப்டம்பரில் 130 நாளில் முடிந்தது. சட்டம் சொல்லும் 15 நாளோடு ஒப்பிட்டால் எட்டு மடங்குக்கு மேல். கடைசி வண்டி ஜூலையில் வெளிவந்துவிட்டது. முடிக்க வேண்டிய ஆர்டர் இருந்த மாதங்களில் ஒன்றாக நின்றதுதான் அந்தப் பேரத்தின் அடித்தளம் என்பது எங்கள் கணிப்பு.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா கைபேசி ஆலையில் நிலைமை வேறு. 2006-இல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலை, வரித் தகராறில் சொத்துகள் முடக்கப்பட்டதால் 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது அந்தப் பட்டியலில் சேரவில்லை. வி.ஆர்.எஸ். அறிவித்ததும் சில வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் போய்விட்டார்கள். மைக்ரோசாஃப்ட் ஆர்டரை நிறுத்தியதும் 2014 நவம்பர் 1-இல் ஆலை நின்றது. ஒரே வாங்குநரை நம்பிய ஆலையில், அந்த வாங்குநர் விலகிய பிறகு தொழிலாளியின் கையில் இருந்த பலமும் விலகிவிடுகிறது.

ஆகவே எளிமையான அளவுகோல்: இன்னும் முடிக்க வேண்டிய உற்பத்தி இருக்கிறதா, இயந்திரங்கள் இடத்தில் இருக்கின்றனவா, கையெழுத்துப் போடாதவர்கள் பெரும்பான்மையா? மூன்றுக்கும் ஆம் என்றால் காத்திருப்பதில் பணம் இருக்கிறது. லைன் நின்று, இயந்திரம் ஏற்றப்பட்டு, பத்தில் எட்டுப் பேர் போய்விட்ட பிறகு, கொள்கைக்காக நிற்பதென்றால் நிற்கலாம். தொகை உயரும் என்று எதிர்பார்த்து நிற்காதீர்கள். நிர்வாகம் அனுமதியில்லாமல் மூடினால் வழக்கு வலுவாக இருக்கும், ஆனால் தீர்ப்பு வர வருடங்கள் ஆகும். அதுவரை வீட்டுச் செலவுக்கு வழி வேண்டும். வழக்குக்குப் போகிறவர் தகராறு எழுந்த இரண்டு வருடத்துக்குள் சமரச அதிகாரியிடம் மனு கொடுத்தாக வேண்டும். வி.ஆர்.எஸ். பணத்தை வாங்கியவர் பிறகு "கட்டாயப்படுத்தினார்கள்" என்று சொன்னால் நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை.

ஒப்பந்தம் எப்படிப் போடப்படுகிறது என்பதும் பாருங்கள். சமரச அதிகாரி முன் கையெழுத்தாகும் ஒப்பந்தம், பழைய சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்துத் தொழிலாளர்கள் இன்றும் 12(3) என்று சொல்வது, ஆலையில் உள்ள எல்லோரையும் கட்டுப்படுத்தும். நிர்வாகமும் ஒரு சங்கமும் தங்களுக்குள் போடும் 18(1) ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். இரண்டு சங்கங்கள் உள்ள ஆலையில் ஒரு சங்கத்தோடு 18(1) போட்டுவிட்டு, மற்றவர்களையும் அதே தொகைக்கு இழுப்பது பழைய உத்தி.

ஆலையை வாங்கும் கம்பெனியில் சேருவது

குஜராத் சானந்தில் ஃபோர்டு ஆலையை டாடா மோட்டார்ஸின் மின்வாகனப் பிரிவு ₹725.7 கோடிக்கு வாங்கி, 2023 ஜனவரியில் கைமாற்றத்தை முடித்தது. தகுதியுள்ள ஊழியர்களுக்கு வேலையும் அளிக்கப்பட்டது. மறைமலை நகரில் அப்படி ஒருவரும் வரவில்லை. 2025 அக்டோபரில் ஃபோர்டு அதே இடத்தில் ₹3,250 கோடியில் எஞ்சின் உற்பத்தி தொடங்குவதாகத் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டது. உற்பத்தி 2029-இல், வேலைகள் 600 அளவில். 2022-இல் வெளியேறிய 40 வயதுக்காரருக்கு அப்போது 47 வயது. ஆலை திரும்ப வரலாம் என்ற நம்பிக்கையை வைத்து இன்றைய கையெழுத்தை முடிவு செய்யக் கூடாது.

வாங்குநர் வந்தால் பார்க்க வேண்டியது ஒரே ஒரு வார்த்தை: சர்வீஸ் 'தொடர்ச்சி'. பழைய வருடங்களைச் சேர்த்துக்கொண்டு, குறையாத சம்பளத்தில் எடுத்தால் இழப்பீடு கிடையாது. ஆனால் 18 வருடமும் உங்கள் பேரில் இருக்கும், பின்னால் ஆள்குறைப்பு வந்தால் புது முதலாளி அந்த 18-க்கும் சேர்த்துத் தர வேண்டும். புதிய நியமனக் கடிதம், ஆறு மாத புரொபேஷன், பூஜ்யத்திலிருந்து சர்வீஸ் என்றால், பழைய முதலாளி ஆள்குறைப்பு இழப்பீட்டைத் தந்தாக வேண்டும். இரண்டும் இல்லாமல், இழப்பீடும் இன்றி சர்வீஸும் இன்றி அனுப்பும் ஏற்பாட்டுக்குச் சம்மதிக்காதீர்கள்.

எந்த வயதுக்கு எது

35-க்குக் கீழே, பத்து வருடத்துக்குள் சர்வீஸ் உள்ளவருக்கு எந்தச் சூத்திரமும் பெரிய தொகை தராது. அவருக்கு வேலைத் தொடர்ச்சிதான் சொத்து. வாங்குநர் கம்பெனி, அதே குழுமத்தின் வேறு ஆலை, வேறு எங்கேயாவது நல்ல வேலை என்று எது முதலில் வந்தாலும் எடுக்கலாம். பத்து வருடம் முடியாத பி.எஃப். ஓய்வூதியப் பணத்தை எடுக்காமல், பழைய சர்வீஸைக் காட்டும் ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி அடுத்த வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் முடிந்தால்தான் மாத ஓய்வூதியத்துக்கு உரிமை.

54-க்கு மேல் உள்ளவர், தொகை மிச்ச மாதச் சம்பளத்துக்குப் பக்கத்தில் இருந்தால் வாங்கிக்கொள்வதே மேல். ஓய்வூதியத்தை மட்டும் அவசரப்பட்டுத் தொடங்க வேண்டாம். 58-க்கு முன் தொடங்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறையும், அது வாழ்நாள் முழுக்கக் குறைந்தே இருக்கும்.

கஷ்டமான முடிவு 40-லிருந்து 50 வரை உள்ளவர்களுக்குத்தான். நம் 44 வயதுக்காரர் ஏப்ரலில் வெளியேறினால் வரி போகக் கையில் சுமார் ₹17,86,000. ₹52,000 வாங்கியவருக்கு அடுத்த வேலை ₹22,000-இல் கிடைத்தால் மாதம் ₹30,000 பள்ளம். அந்தப் பணம் பள்ளத்தை ஐந்து வருடம் நிரப்பும். அப்போது வயது 49, ஓய்வுக்கு இன்னும் ஒன்பது வருடம், பிள்ளைகள் கல்லூரியில். இந்தக் கணக்கை உங்கள் எண்களோடு மனைவியையும் உட்காரவைத்துப் போட்டுப் பாருங்கள். வீட்டுக் கடன் மிச்சம் அதிகமாக இருந்தால் 60 நாள் போதவே போதாது என்பது தெரியும். இந்த வயதுக்காரர்கள்தான் பேச்சுவார்த்தை முடியும்வரை கையெழுத்துப் போடாமல் இருக்க அதிகக் காரணம் உள்ளவர்கள். பத்து நாளுக்குள் கையெழுத்துப் போட்டால் கூடுதல் என்று ஒரு தொகையைக் காட்டினால், அதை 18 வருடத்தால் வகுத்துப் பாருங்கள். ₹1,00,000 என்பது நம் கணக்கில் வருடத்துக்கு மூன்று நாளுக்கும் சற்று மேலான சம்பளம்தான். பேச்சுவார்த்தையில் நான்கு நாள் ஏறினாலே அது ஈடாகிவிடும்.

கையெழுத்துக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

திட்டத்தின் முழு நகல். உங்கள் பெயருக்கான கணக்குத் தாள், ஒவ்வொரு தலைப்பும் தனித்தனியாக. பணம் எந்தத் தேதிக்குள் வரும், தவணையா ஒரே தடவையா என்ற வரி. நிர்வாகம் ஏற்பதற்கு முன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாமா என்ற வரி. கூட்டுறவுக் கடன், கேன்டீன் பாக்கி, கம்பெனிக் கடன் பிடித்தம் எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். கடைசி நாளில் தெரிந்தால் வாதாட நேரம் இருக்காது.

குரூப் மெடிக்ளெய்ம் விடுவிப்பு நாளோடு முடிந்துவிடும். வீட்டில் சர்க்கரை, ரத்த அழுத்தம், டயாலிசிஸ் என்று யாராவது இருந்தால், விடுவிப்புக்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். அப்போதுதான் ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். வெளியே வந்து இரண்டு மாதம் கழித்துப் புதிதாக எடுத்தால் பழைய நோய்க்கு மறுபடி வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பி.எஃப். இணையதளத்தில் வெளியேறிய தேதியும் காரணமும் நிர்வாகம் பதிய வேண்டியவை. ஆலை பூட்டிய பிறகு அதைத் திருத்த ஆளைத் தேடி அலைகிறவர்கள் ஏராளம். பெயர் எழுத்து, பிறந்த தேதி, தந்தை பெயர் ஆதாரோடு பொருந்துகிறதா என்று ஹெச்.ஆர். அலுவலகம் இயங்கும்போதே சரிபார்த்துவிடுங்கள்.

கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கு இந்த மூன்று வழிகளும் பெரும்பாலும் திறப்பதில்லை. நிரந்தரத் தொழிலாளர் ஒப்பந்தத்தில் அவர்கள் பெயர் வருவதே அபூர்வம். அவர்கள் செய்யக்கூடியது, ஒப்பந்ததாரர் மாறினாலும் தான் அதே ஆலையில் இருந்ததைக் காட்டும் தாள்களைச் சேர்ப்பது: கேட் பாஸ், சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. பங்களிப்புப் பட்டியல், பி.எஃப். பாஸ்புக். ஒப்பந்ததாரர் தராத சம்பளத்துக்கு முதன்மை முதலாளி பொறுப்பு என்பது சட்டத்தில் உண்டு. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில், குறிப்பிட்ட காலத்துக்கென்று நேரடியாக நியமிக்கப்பட்டவருக்கு ஒரு வருடம் முடிந்தாலே கிராஜுவிட்டி உண்டு. நிரந்தரத் தொழிலாளர் சங்கம் தன் கோரிக்கைப் பட்டியலில் இவர்களுக்கென ஒரு வரி சேர்த்தால் அது பேச்சுவார்த்தை மேசைக்கு வரும். சேர்க்காவிட்டால் வேறு யாரும் கொண்டுவரப் போவதில்லை.